டீச்சர் நிலைக்காத சார்ட்டர் பள்ளி: டாலஸ் பக்கத்து அம்மா ஒருத்தியின் நீண்டகால அனுபவம்

டாலஸ் பக்கம் புதிதாக வீடு மாறி வருகிற தமிழ்க் குடும்பங்கள் வாட்ஸாப் குழுவில் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அந்த சார்ட்டர் ஸ்கூல் எப்படி? லாட்டரியில் பேர் போடலாமா?" உடனே பதில்கள் கொட்டும். ஏ ரேட்டிங், ஸ்டார் என்கிற மாநிலத் தேர்வின் மதிப்பெண், ரோபாட்டிக்ஸ் டீம், சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள நிற்கும் கார் லைன் எவ்வளவு நீளம் என்பது வரை வரும். டீச்சர்கள் அங்கே தங்குகிறார்களா என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கேட்கிறவர்களும் இல்லை. என் மகள் கிண்டர்கார்டனிலிருந்து ஐந்தாவது முடிக்கும் வரை அப்படி ஒரு பள்ளியில்தான் படித்தாள். மகன் இன்னமும் அங்கேதான். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சார்ட்டர் என்பது தனியார் பள்ளி இல்லை. அரசுப் பணத்தில் நடக்கிறது, ஃபீஸ் கிடையாது, இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். முதல் சட்டம் மின்னசோட்டாவில் 1991-ல் வந்தது. டெக்சாஸ் 1995-ல் போட்டது. பள்ளியை நடத்தும் போர்டை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் கட்டும் வீட்டு வரியின் பள்ளிப் பங்கு நம் ஏரியா ஐஎஸ்டிக்கு, அதாவது அந்தப் பகுதியின் வழக்கமான அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குப் போகும், சார்ட்டருக்கு வராது. அவர்களுக்கு மாநிலம் தருகிற பணம்தான் முக்கிய வரவு.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கும் அறிவியலும் சின்ன வகுப்பிலேயே நன்றாக நடந்தன. பள்ளி சின்னது, ஆபீஸில் இருப்பவர்களுக்குக் குழந்தையின் பெயர் தெரியும். அக்கா படித்தால் தம்பிக்குக் குலுக்கலில் முன்னுரிமை கிடைத்தது. சேர்ந்த முதல் இரண்டு வருஷம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வருஷாவருஷம் ஆகஸ்டில் "மீட் த டீச்சர்" நாளன்று போனால் பாதிக்குப் பாதி புது முகங்கள். ஊரே புது ஊர், பள்ளியும் வளர்கிற பள்ளி, அதனால் புதிதாக எடுக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வோம்.

விஷயம் உறைத்தது மகள் நாலாவது படிக்கும்போது. கணக்கு டீச்சர் கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் போனவர் திரும்பவில்லை. ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் ராத்திரி "அன்பான குடும்பங்களுக்கு" என்று ஒரு மின்னஞ்சல். அவர் வேறு வாய்ப்பைத் தேடிப் போகிறார், வாழ்த்துவோம், நல்ல ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் சப்ஸ்டிடியூட், சுருக்கமாக சப் என்கிற தற்காலிக டீச்சர். அவரும் மாறினார். பேரன்ட் போர்ட்டலில் கணக்கு மார்க் பகுதி வாரக்கணக்கில் காலியாகக் கிடந்து, ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று வரிசையாக எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு நூறு ஏறியது. போர்ட்டல் காலியாக இருப்பதைவிட இப்படி எல்லாம் நூறாக நிரம்பும்போதுதான் பயப்பட வேண்டும்.

வீட்டில் 846-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னேன். போன டீச்சர் பெட்டி முறையைச் சொல்லிக் கொடுத்திருந்தார்: 600, 240, 6 என்று பிரித்து மூன்று பெட்டியில் போட்டு, 100, 40, 1 என்று எடுத்துக் கூட்டுவது. முதலில் வந்த சப் அதையே மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டு போகும் முறையில் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்தவர் நாமெல்லாம் ஊரில் படித்த பழைய நீள் வகுத்தல். மூன்றும் சரியான முறைகள்தான். என் மகள் பெட்டி போட்டு ஆரம்பித்தாள், முதல் பெட்டியில் 100 எழுதினாள், அப்புறம் 4-ஐக் கீழே இறக்கினாள், இறக்கிய 4 எந்தப் பெட்டிக்குப் போகும் என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வகுத்தல் வராமல் இல்லை. ஒரு முறையையும் கடைசி வரை கொண்டுபோக விடவில்லை, அவ்வளவுதான். வேலைக்குத் தகுந்தபடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற இரண்டையும் கொஞ்ச நாள் மறந்துவிடு என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக நான் ஆனேன்.

ஏன் போகிறார்கள்? போனவர்களிடமே சிலரிடம் பேசியிருக்கிறேன். பதில் ஒரே மாதிரிதான்: பக்கத்து ஐஎஸ்டியில் சம்பளம் கூட, பள்ளி நேரம் குறைவு. இதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. ஐஎஸ்டி ஆசிரியருக்கு டெக்சாஸ் கல்விச் சட்டம் 21-ஆம் அத்தியாயத்தின்படி ஒப்பந்தம் உண்டு. ராஜினாமாவுக்கான கெடு தாண்டி நடுவருஷம் விட்டுப் போனால் சான்றிதழையே முடக்கி வைக்க மாநில வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் ஒப்பந்த விதிகள் சார்ட்டருக்குப் பொருந்தாது. பெரும்பாலும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், எப்போது வேண்டுமானாலும் விலக்கலாம் என்கிற வேலை. மாநிலம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பள அட்டவணையும் சார்ட்டரைக் கட்டாது. பொதுவாக ஒரு இளங்கலைப் பட்டம் இருந்தால் சார்ட்டரில் பாடம் எடுக்கலாம். சிறப்புக் கல்விக்கும் இருமொழிக் கல்விக்கும்தான் சான்றிதழ் கட்டாயம். அதனால் படித்து முடித்த இளைஞர்கள் இங்கே சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே சான்றிதழ் வாங்கி, கைக்கு வந்ததும் ஐஎஸ்டிக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். நியாயமாகச் சொன்னால், சான்றிதழ் இல்லாதவர்களை ஐஎஸ்டிகளும் கடந்த சில வருஷங்களில் நிறையவே எடுத்தன. டெக்சாஸ் முழுக்க ஆசிரியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வருஷாவருஷம் இருந்த இடத்தை விட்டுப் போகிறார். சார்ட்டரில் அது இன்னும் அதிகம்.

நம்மவர்களையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 96 ஏன் 100 ஆகவில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்கு மின்னஞ்சல், பதில் வருவதற்குள் பிரின்சிபலுக்கு ஒரு நகல், காலையில் குழுவில் அதன் ஸ்கிரீன்ஷாட். இருபத்தி மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி முதல் வேலையில் இதை எத்தனை நாள் தாங்குவாள்? இதே ஊரில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஒரு பைசா சம்பளம் இல்லாமல் பல வருஷமாக அதே ஆசிரியைகள் இருக்கிறார்கள். அங்கே யாரும் அப்படி மின்னஞ்சல் போடுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

நம் குழந்தையின் டீச்சர் போகாவிட்டாலும் பாதிப்பு உண்டு. நியூயார்க் நகரத்தின் நாலாவது, ஐந்தாவது வகுப்புகளை வைத்து ரான்ஃபெல்ட், லோப், விக்காஃப் மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இது வந்தது: ஒரு வகுப்பு நிலையில் ஆசிரியர்கள் அதிகம் மாறிய வருஷங்களில் மாணவர்களின் மதிப்பெண் இறங்கியது, தங்கிவிட்ட டீச்சரிடம் படித்தவர்களுக்கும் சேர்த்து. இதை நான் கண்ணால் பார்த்தேன். மகனின் இரண்டாம் வகுப்பு டீச்சர் எங்கும் போகவில்லை. ஆனால் பக்கத்து இரண்டு வகுப்புகளிலும் புதியவர்கள். அவர்களுக்குப் பாடத்திட்டம் போட்டுக் கொடுப்பது, போட்டோகாப்பி மெஷின் எங்கே என்பதிலிருந்து எல்லாம் காட்டுவது இவர் தலையில் விழுந்தது. முன்பெல்லாம் வாராவாரம் வரும் அவருடைய குறிப்பு அந்த வருஷம் மாதம் ஒன்று வந்தால் அதிகம்.

சரி, சேருவதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது? டெக்சாஸ் கல்வித்துறை ஒவ்வொரு வருஷமும் டேப்பர் என்கிற அறிக்கை வெளியிடுகிறது, இணையத்தில் இலவசம். எல்லோரும் முதல் பக்கத்தில் மதிப்பெண் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். கடைசியில் ஊழியர் பகுதிக்குப் போங்கள். முதல் வருஷ ஆசிரியர்கள் எத்தனை சதவீதம், சராசரி அனுபவம் எவ்வளவு என்று இருக்கும். ஆசிரியர் மாறும் விகிதமும் உண்டு, ஆனால் அதை நம்புவதற்கு முன் இரண்டு விஷயம். அது மொத்த சார்ட்டர் அமைப்புக்கும் சேர்த்துத் தருகிற எண், நம் கேம்பஸுக்கு மட்டுமானது இல்லை. ஒரு கேம்பஸிலிருந்து அதே அமைப்பின் இன்னொரு கேம்பஸுக்குப் போனவர் அதில் "போனவர்" ஆக மாட்டார். இன்னொன்று, கணக்கெடுப்பு அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை நிலவரத்தை வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை. நவம்பரில் சேர்ந்து மார்ச்சில் போன சப்பும் டீச்சரும் எந்த வருஷக் கணக்கிலும் வரமாட்டார்கள். என் மகளின் வகுப்புக்கு அந்த ஜனவரியிலிருந்து வந்து போனவர்கள் அப்படித்தான் கணக்கிலிருந்து நழுவினார்கள்.

அதனால் ஓபன் ஹவுஸில் நேராகக் கேட்டுவிடுங்கள்: "போன வருஷம் மூன்றாவது எடுத்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள்? பிரின்சிபல் வந்து எத்தனை வருஷம் ஆகிறது?" முதல் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் பள்ளியை நான் மதிப்பேன், எண்ணிக்கை மோசமாக இருந்தாலும். இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் பள்ளியில் நடுவில் ஒரு பிரின்சிபல் போனபோது அந்தக் கோடையில் டீச்சர்கள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். இப்போது இருப்பவர் வந்த பிறகு கீழ் வகுப்புகளில் முகங்கள் மாறாமல் இருக்கின்றன.

உள்ளே வந்துவிட்டால், ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் நடுவே பாலம் பெற்றோர்தான். பள்ளியில் அந்த வேலையைச் செய்ய ஆளே மிச்சம் இருப்பதில்லை. நான் ஒரு கனமான ஃபைல் வைத்திருக்கிறேன். பள்ளி அவ்வப்போது வைக்கும் மேப் என்கிற தேர்வின் அறிக்கைகள், ஸ்டார் முடிவு, ஒவ்வொரு செமஸ்டரிலும் பிள்ளை கையால் எழுதிய ஒரு கட்டுரை, திருத்திய ஒரு கணக்குத் தாள். புது டீச்சர் வந்தால் முதல் வாரத்தில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம்: என்ன படித்திருக்கிறான், எங்கே தடுமாறுகிறான், எந்த முறையில் வகுக்கிறான், எதைச் சொன்னால் முகம் மலர்வான். புகார் ஒரு வரிகூட இருக்காது. நடுவருஷம் வந்த ஒரு டீச்சர், தனக்கு அந்த வகுப்பைப் பற்றிக் கிடைத்த ஒரே எழுத்து என் கடிதம்தான் என்றார். அதற்கப்புறம் வகுப்பின் மற்ற அம்மாக்களும் எழுத ஆரம்பித்தார்கள்.

பள்ளி தர வேண்டியதையும் கேட்டு வாங்குங்கள். டெக்சாஸ் சார்ட்டர்கள் தங்கள் ஆசிரியர்களின் கல்வித் தகுதியைப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கேட்டால் பல ஆபீஸ்களில் முழிப்பார்கள், பொறுமையாக இருங்கள், வரும். போர்டு கூட்டங்கள் பொதுக்கூட்டச் சட்டத்துக்குள் வருகின்றன, நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே போட வேண்டும், பொதுமக்கள் பேசலாம். எங்கள் வகுப்புப் பெற்றோர் சிலர் போய், சம்பளத்தைப் பற்றியே பேசினோம். டீச்சர் பெயர் ஒன்றையும் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் சம்பளம் கொஞ்சம் ஏறியது. எங்களால்தான் என்று சொல்லமாட்டேன், பக்கத்து ஐஎஸ்டி ஏற்றியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். தெரிந்த ஒரு பையனின் ஸ்பீச் தெரபிஸ்ட் விலகினார், புது ஆள் வரும் வரை பயிற்சியே இல்லை. பள்ளி தானாக எதுவும் சொல்லவில்லை. அவன் அம்மா ஒரு காலண்டரில் விட்டுப்போன நாட்களைக் குறித்துவைத்து ஏஆர்டி கூட்டத்தில், அதாவது சிறப்புக் கல்விப் பிள்ளைக்கு என்ன உதவி என்று பெற்றோரும் பள்ளியும் உட்கார்ந்து முடிவு செய்யும் கூட்டத்தில், முன்னால் வைத்தார். ஐஇபி என்கிற, அந்தப் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தில் எழுதியிருக்கும் பயிற்சி நிமிடங்களை ஆள் இல்லை என்ற காரணத்துக்காகத் தள்ளுபடி செய்ய முடியாது. கோடையில் ஈடுகட்டிக் கொடுத்தார்கள்.

செலவையும் சொல்ல வேண்டும். ஃபீஸ் இல்லாத பள்ளிதான், ஆனால் மகளின் நாலாவது வகுப்பிலிருந்து கணக்குக்கு வெளியே டியூஷன் வைத்தோம். இணையத்தில் கான் அகாடமி பாடம் இலவசம், நன்றாகவே இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். வேலை முடிந்து வந்து ராத்திரி எட்டு மணிக்கு உட்காரத் தெம்பு உள்ள பெற்றோருக்கு இந்தப் பள்ளி ஒத்துவரும். இரண்டு ஷிஃப்ட் பார்க்கிற குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவர்களுக்குத்தான் நிலையான டீச்சர் அதிகம் தேவை.

மகளை ஆறாவதுக்கு எங்கள் ஏரியா ஐஎஸ்டி மிடில் ஸ்கூலில் சேர்த்துவிட்டோம். சார்ட்டரின் மேல் வகுப்புகளில் அறிவியல் டீச்சர் நிலைக்கவே இல்லை, அதுதான் காரணம். அங்கே வகுப்பில் கூட்டம் அதிகம், அவள் பெயர் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆகஸ்டில் பார்த்த அதே ஆசிரியர்கள் மே மாதமும் இருந்தார்கள். மகன் சார்ட்டரிலேயே இருக்கிறான், இந்தப் பிரின்சிபல் இருக்கும் வரை. கணவருக்கு இரண்டு பள்ளி, இரண்டு கார் லைன் என்பதில் கோபம்தான்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் கோடையிலேயே மாற்றிவிடுங்கள். சார்ட்டர் இடத்தை ஒருமுறை விட்டால் திரும்ப வெயிட்லிஸ்டின் கடைசியிலிருந்துதான். நடுவருஷம் போனால் ஏரியாப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், ஆனால் வேகமாக வளர்கிற ஐஎஸ்டிகளில் அந்த வகுப்பு நிரம்பியிருந்தால் வேறொரு கேம்பஸுக்கு அனுப்பிவிடுவார்கள். போகிறோம் என்று சொல்வதற்கு முன்னால் ஏரியாப் பள்ளிக்கு ஒரு போன் போட்டு, அந்த வகுப்பில் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.