கோட்-சூட்டா ஜீன்ஸா: எது யாருக்குத் துணை நிற்கிறது?

ஆண்கள் உடை பற்றிப் பேச்சு வந்தாலே, ஜீன்ஸ் என்றால் சுதந்திரம், கோட்-சூட் என்றால் கட்டுப்பாடு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஜீன்ஸை எனக்கு மிகவும் பிடிக்கும். 1873இல் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் வாங்கிய காப்புரிமை, பாக்கெட் ஓரம் கிழியாமலிருக்க அடிக்கும் உலோக ரிவெட்டுக்குத்தான். உடம்பு நோக வேலை செய்பவர்களுக்காக வந்த உடை அது. பாவு நூலுக்கு (துணியில் நெடுக்காக ஓடும் நூல்) மட்டும் ஏற்றும் அவுரி நீலம் நூலின் மேற்பரப்போடு நின்றுவிடுவதால், முட்டி, தொடை, பர்ஸ் வைக்கும் பாக்கெட் என உரசுகிற இடமெல்லாம் வெளுத்து, சில வருஷத்தில் அது போட்டவருக்கே உரிய துணியாகிவிடும்.

கோட் அப்படியில்லை. தோளில் திண்டு, மார்புக்குள் குதிரைமயிர் கலந்த கான்வாஸ் என்று தனக்கொரு உருவத்தோடு வந்து, கூனிய தோளையும் தொப்பையையும் ஓரளவு மறைத்துக் கொடுக்கிறது. (மலிவானவற்றில் கான்வாஸுக்குப் பதில் பசை போட்ட துணி, நாளாக நாளாக மார்புப் பக்கம் கொப்புளம் போல எழும்பலாம்.)

அர்த்தம் என்று பார்த்தால், அமெரிக்கக் கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டுத் திரண்ட 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணிதான் நினைவுக்கு வருகிறது. மார்ட்டின் லூதர் கிங்கும் மற்ற தலைவர்களும் அந்த வெயிலில் கோட், டை கட்டி நடந்தார்கள்: நாங்களும் சமமான குடிமக்கள். அதே இயக்கத்தில் கிராமங்களில் வேலை செய்த மாணவர்கள் பலர் ஜீன்ஸ் துணியான டெனிமில் தைத்த ஓவரால் (மார்புவரை மறைக்கும் வேலையுடை) அணிந்தார்கள்: பருத்திக்காட்டு உழவர் பக்கம் நாங்கள். இரண்டுமே தெரிந்து எடுத்த முடிவு, இரண்டிலும் மரியாதை இருந்தது.

இன்றைய நிலைமை வேறு. சாம்பல் நிற டீ-ஷர்ட்டுக்கே பேர்போன ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஜுக்கர்பெர்க், 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணையில் கோட், டையோடுதான் உட்கார்ந்தார். அதிகாரம் தன் கையில் இருந்தவரை டீ-ஷர்ட், பதில் சொல்லும் இடத்துக்கு வந்ததும் கோட்.

நான் கோட் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒரு இன்டர்வியூ. 'சாதாரணமாக வந்தால் போதும்' என்றதை நம்பி ஜீன்ஸில் போனேன். அங்கே எல்லாரும் ஜீன்ஸ்தான், ஆனாலும் என்னுடையது அவர்கள் போடுகிற ஜீன்ஸ் இல்லை என்பது உள்ளே நுழைந்ததுமே புரிந்தது. எந்த ஜீன்ஸ், எந்த ஷூ என்பதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, கூட இருந்து பழகியவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். கோட்டுக்கோ விதிகள் வெளிப்படை. கடைசிப் பட்டனைப் போடாதே, சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரியட்டும் என்று யார் வேண்டுமானாலும் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம்.

அதனால் புது இடத்துக்குப் போகும் இளைஞருக்கு முதலில் ஒரு கருநீலக் கோட்-சூட் என்றுதான் சொல்வேன். ஜீன்ஸை அங்கே நாலு பேர் பழக்கமான பிறகு போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது தோளை மட்டும் சரியாகப் பாருங்கள். இடுப்பு, கை நீளமெல்லாம் பிறகு பிரித்துத் தைக்கலாம், தோளைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம்.