திண்ணைக்கு இலக்கம் உண்டா? நிலையான முகவரி இல்லாதோர் வாக்காளராகும் வழிகள்: ஓர் ஒப்பீடு

இலங்கையில் தேருநர் இடாப்பு எனப்படும் வாக்காளர் பட்டியலின் மீளாய்வுக் காலத்தில், திருகோணமலைப் பேருந்து நிலையத்துக்கு அண்மையில், பூட்டிக் கிடக்கும் கடையொன்றின் திண்ணையில் பல ஆண்டுகளாக இரவு உறங்கும் முதியவர் ஒருவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க உட்கார்ந்தேன். பெயரையும் பிறந்த திகதியையும் தடுமாறாமல் சொன்னார். பொலித்தீன் பையில் சுற்றி மடிக்குள் வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்து இலக்கத்தையும் காட்டினார். வீட்டு இலக்கத்துக்கான இடம் வந்ததும் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "கடைக்கு நம்பர் இருக்கு தம்பி, திண்ணைக்கு இல்லையே" என்றார். அந்த இடத்தை வெறுமையாக விட்டு ஒப்படைத்த படிவம், முகவரி முழுமையாக இல்லை என்ற காரணத்துடன் எங்களிடமே திரும்பி வந்தது. அந்த ஒரு கட்டத்தை வேறு நாடுகள் எவ்வாறு நிரப்பியிருக்கின்றன என்பதையும், அவற்றில் எது எங்கள் மாவட்டத்துக்குப் பொருந்தும் என்பதையும் இங்கே அலசுகிறேன்.

முதலில் எங்கள் முறையின் இயல்பைச் சொல்ல வேண்டும். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டத்தின்கீழ் கிராம உத்தியோகத்தர் வீடு வீடாகச் சென்று விபரம் திரட்டுகிறார். வீட்டின் பிரதான குடியிருப்பாளர் அங்கு வசிப்போரின் பெயர்களைப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிடுகிறார். குடிமகன் அலுவலகத்தைத் தேடி அலையாமல் அரசு அவனுடைய படலைக்கு வரும் இந்த ஏற்பாடு உண்மையில் மிகச் சிறந்தது. ஆனால் அது மனிதரை எண்ணத் தொடங்குவது வீட்டிலிருந்துதான். படலை இல்லாதவரிடம் அது வந்து சேர்வதில்லை. பிரதான குடியிருப்பாளர் எழுதாமல் விட்ட வாடகை அறைக்காரரும் அதே நிலையில்தான் நிற்கிறார்.

இந்தியாவின் வழி இதற்கு மிக நெருக்கமானது. அங்கே வீடற்ற ஒருவர் தாம் உறங்கும் இடத்தை வாக்காளர் பதிவுக்கான படிவம் 6இல் குறிப்பிட்டால் போதும். வசிப்பிடத்துக்கு ஆவணச் சான்று கேட்கப்படுவதில்லை. அதற்குப் பதிலாக வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்குச் சென்று, விண்ணப்பித்தவர் உண்மையிலேயே அங்கு உறங்குகிறாரா என்று பார்க்கிறார். ஓர் இரவு போதாதென்றால் மீண்டும் செல்கிறார். மெய்ப்பிக்கும் சுமையைக் கையில் ஒன்றுமில்லாதவரிடமிருந்து எடுத்து, சம்பளம் பெறும் அலுவலரின் தோளில் வைத்த இந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். அதன் பலவீனம் அந்த இரவில் இருக்கிறது. மழை பெய்தாலோ, காவலர் எழுப்பி விரட்டினாலோ, உறங்குபவர் வேறிடம் போய்விடுவார். எங்கள் இடாப்புக்குத் தகைமைத் திகதி, அதாவது ஒருவர் எங்கு வசிக்கிறார் என்று கணக்கில் எடுக்கப்படும் நாள், பெப்ரவரி 1. அதற்கு முந்திய மார்கழி, தை மாதங்கள் கிழக்கில் மழைக்காலம். திண்ணையில் படுப்பவர் கோயில் மண்டபத்தையோ சந்தைக் கூரையையோ தேடிப் போகும் காலமும் அதுவே. ஆகவே ஒரே இரவில் ஆளைக் காணவில்லை என்பதற்காகப் பெயரை நீக்குவது இங்கே அநீதியாக முடியும்.

பிரித்தானியா உறங்கும் இடத்தைத் தேடுவதில்லை, தொடர்பைக் கேட்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த உள்ளூர்த் தொடர்பு உறுதிமொழியில், ஒருவர் தாம் அதிக நேரத்தைக் கழிக்கும் இடத்தையோ முன்பு வாழ்ந்த இடத்தையோ குறிப்பிட்டுப் பதிவு பெறலாம். கடிதம் பெற முகவரி இல்லையென்றால், பதிவு அலுவலகத்துக்கே வந்து பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுக்கலாம். எளிமையான, ஆனால் பெரிய தடையொன்றை நீக்கும் ஏற்பாடு அது. உறுதிமொழி 12 மாதங்களுக்கே செல்லும் என்பதும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு அலைந்து வாழ்பவர் மீதே விழுகிறது என்பதும் அதன் குறைகள்.

அவுஸ்திரேலியா இதே எண்ணத்தை இன்னும் தூரம் கொண்டு செல்கிறது. நிலையான முகவரி இல்லாதவர் கடைசியாகப் பதிவு பெறத் தகுதியுற்றிருந்த தொகுதியில், அது இல்லையென்றால் நெருங்கிய உறவினர் பதிவாகியுள்ள தொகுதியில், அதுவும் இல்லையென்றால் பிறந்த ஊரில் பதிவு பெறலாம். இவை எதுவும் பொருந்தாதவர் தமக்கு நெருங்கிய தொடர்புள்ள இடத்தைக் காட்டலாம். வாக்களிப்பு கட்டாயமான அந்நாட்டில், இவ்வாறு பதிவானவருக்கு வாக்களிக்கத் தவறியதற்கான தண்டம் விதிக்கப்படுவதில்லை.

வாழ்ந்த மண்ணின் பெயரால் பதிவு பெறும் இந்த எண்ணம் எங்களுக்கு அந்நியமானதன்று. 2006இல் எங்கள் மாவட்டத்துச் சம்பூரிலிருந்து போரினால் இடம்பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தகரக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். அவர்களிடம் ஊர் எது என்று கேட்டால் முகாமின் பெயரை யாரும் சொன்னதில்லை. போரினால் இடம்பெயர்ந்தோர் தாம் விட்டு வந்த இடத்திலேயே பதிவு பெறக் குறிப்பிட்ட காலத்துக்கு வழிவிட்ட சிறப்பேற்பாட்டுச் சட்டமொன்றை நாடாளுமன்றம் 2013இல் நிறைவேற்றியது. இன்று உறங்கும் கூரைக்கும் வாக்குரிமைக்கும் இடையிலான முடிச்சைத் தளர்த்தலாம் என்பதை எங்கள் சட்டமே ஒருமுறை ஏற்றுக்கொண்டிருக்கிறது. போரால் வீடிழந்தவருக்குப் பொருந்திய நியாயம், கடனாலோ நோயாலோ குடும்பப் பிளவாலோ வீடிழந்தவருக்கு ஏன் பொருந்தக்கூடாது என்பதே என் கேள்வி.

கனடாவையும் அமெரிக்காவையும் சுருக்கமாகப் பார்த்தால் போதும். கனடாவில் உணவோ தங்குமிடமோ தரும் இல்லம் ஒன்றின் நிர்வாகி கொடுக்கும் உறுதிக் கடிதம் முகவரிச் சான்றாகிறது. அதே வாக்களிப்புப் பிரிவைச் சேர்ந்த வாக்காளர் ஒருவர் எழுத்தில் சாட்சி சொல்லவும் முடியும், ஆனால் ஒருவர் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு சொல்லலாம். அத்தகைய இல்லங்கள் மிக அரிதான எங்கள் நகரில் முதல் வழி அதிகம் உதவாது. அமெரிக்காவின் தேசியப் பதிவுப் படிவத்தில், முகவரி இல்லாதவர் தாம் வாழும் இடத்தைக் காட்ட வெற்று வரைபடம் ஒன்று இருக்கிறது. அருகிலுள்ள குறுக்குத் தெருக்களின் பெயர்களை எழுதி, தங்குமிடத்தில் பெருக்கல் குறி இட்டு, பாடசாலை, தேவாலயம், கடை போன்ற அடையாளங்களைப் புள்ளியால் காட்ட வேண்டும். அந்த வரைபடம் எங்கள் முதியவரின் கையில் இருந்திருந்தால் இரண்டு கோடுகளில் தம் திண்ணையைக் காட்டியிருப்பார்.

இவற்றுள் தெரிவு செய்யும்போது திருகோணமலைக்கே உரிய ஒரு கவலையை ஒதுக்க முடியாது. மூன்று சமூகங்கள் வாழ்கின்ற, நான்கு நாடாளுமன்ற ஆசனங்களே உள்ள இம்மாவட்டத்தில், வெளியாட்களைக் கொண்டுவந்து இடாப்பில் சேர்த்துவிடுவார்கள் என்ற அச்சம் ஒவ்வொரு சமூகத்திடமும் உண்டு. வெறும் உறுதிமொழியை மட்டும் ஏற்கும் முறை, அந்த அச்சத்துக்குத் தீனி போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஆட்சேபணை எழ இடம் கொடுக்கும். அதனால்தான் நேரில் சென்று பார்க்கும் இந்திய முறையையே நான் முன்வைக்கிறேன்: வரைபடத்தில் காட்டிய இடத்துக்குக் கிராம உத்தியோகத்தர் வெவ்வேறு இரவுகளில் சென்று பார்க்கட்டும், அயலில் தேநீர்க்கடை வைத்திருப்பவரின் சொல்லையும் பதியட்டும், வாக்காளர் அட்டையைப் பிரதேச செயலகத்தில் பெற்றுக்கொள்ள அனுமதிக்கட்டும். ஒருவர் இரண்டு இடங்களில் பதிவாவதைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்.

ஒரு பிரிவினருக்கு மட்டும் இந்த முறை உதவாது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் கரையோரம் வாடி என்னும் தற்காலிகக் குடிசை அடித்துத் தங்கும் மீனவர், பெப்ரவரி 1இல் அந்த வாடியில் இருக்கமாட்டார். ஊரில் வீடும் இல்லாதவராக இருந்தால் எந்த இரவிலும் எந்த அலுவலரின் கண்ணிலும் படமாட்டார். அவருக்கு அவுஸ்திரேலியாவின் பிறந்த ஊர் அல்லது உறவினர் தொகுதி என்ற வழியே பொருந்துகிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஆண்டுக்குள் தயாரிக்கப்படும் துணை இடாப்புகள் புதிதாக 18 வயதை அடைவோருக்கானவை என்பதால், அவை இவருக்குக் கைகொடுப்பதில்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாக்காளர் அட்டை தபாலில் வந்து சேராவிட்டாலும், பெயர் இடாப்பில் இருந்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணம் கையில் இருந்தால் வாக்களிக்கலாம். அடையாள அட்டை இல்லாதவர் தேர்தல்கள் ஆணைக்குழுவின் தற்காலிக அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பிக்கலாம். ஆகவே பெயர் ஏறுவதுதான் முதல் படி. இடாப்பின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில், பெயர் விடுபட்டவர் எழுத்தில் உரிமைக்கோரிக்கை கொடுக்க முடியும். அடுத்த முறை அந்த முதியவருக்காக நான் எழுதப்போகும் கோரிக்கையில் வீட்டு இலக்கத்தின் இடத்தை வெறுமையாக விடமாட்டேன்; கடையின் இலக்கத்தை எழுதி, அதற்குப் பக்கத்தில் "முன்திண்ணை" என்று சேர்ப்பேன், இரண்டு தெருக்களையும் பேருந்து நிலையத்தையும் காட்டும் சிறு வரைபடத்தையும் இணைப்பேன்.