கிராமத்தில் ஃபைபர் இணைப்பு: வேகத்தில் குறையில்லை, பழுதுபார்ப்பில்தான் எல்லாக் குறையும்

மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு ஊராட்சியில் குடியிருக்கிறோம். பெரிய தனியார் நிறுவனம் ஒன்றின் ஃபைபர் (ஒளி வழியே தரவைக் கடத்தும் கண்ணாடி இழை) இணைப்பை உள்ளூர்க் கேபிள்காரர் மூலமாகப் பெற்று, ஓராண்டுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. கிராமப்புறங்களில் பல நிறுவனங்கள் இதே ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன.

இணைப்புக் கிடைப்பதே முதல் சோதனை. இணையதளத்தில் எங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்தால் 'சேவை உண்டு' என்று காட்டியது. ஆனால் அவர்களுடைய கேபிள் கடைத்தெருவோடு நின்றிருந்தது. தெருவில் இன்னும் சில வீட்டுக்காரர்கள் பணம் கட்டினால்தான் உள்ளே இழுப்போம் என்று முன்பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். சம்பா நடவின்போது கட்டிய பணத்துக்கு அறுவடை முடிந்த பிறகுதான் இணைப்பு வந்தது.

வந்த பிறகு வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. நாங்கள் எடுத்தது 100 எம்பிபிஎஸ் திட்டம். பகலில் ஏறக்குறைய முழு வேகமும் கிடைக்கிறது. கேபிள்காரரின் அறையிலிருந்து வரும் ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகள் வரை பிரித்துக் கொடுப்பதால், எல்லாரும் படம் பார்க்கும் இரவு நேரத்தில் சற்றுக் குறையும். மருத்துவரோடு காணொளியில் பேசுவது, பிள்ளைகளின் பாடம், பட்டா நகல் எடுப்பது என எதற்கும் அது தடையாக இருந்ததில்லை.

பழுது என்று வரும்போதுதான் இந்தச் சேவை முழுதாகக் கைவிடுகிறது. எங்கள் பகுதியில் ஃபைபர் மண்ணுக்குள் போகவில்லை. மின்கம்பங்களிலும் தென்னை மரங்களிலும் கட்டித் தொங்குகிறது. வைக்கோல் கட்டுகளை உயரமாக ஏற்றிவரும் லாரி ஒன்று போதும், தெருவே துண்டிக்கப்பட. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துக் கம்பங்களையும் தென்னைகளையும் சாய்த்துப் போட்டதைக் கண்ணால் கண்டவர்கள், மறுபடியும் அவற்றையே நம்பிக் கேபிளைக் கட்டியிருப்பதைப் பார்த்து எப்படி நிம்மதியாக இருக்க முடியும்?

அறுந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதைச் சரிசெய்யும் வேலை பெரிதல்ல. ஊழியர் சாலையோரம் அமர்ந்து, உறையை உரித்து, தலைமுடி அளவுள்ள இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, முனையை நேராக வெட்டி, ஒட்டும் இயந்திரத்தில் வைக்கிறார். சின்னத் திரையில் இரு முனைகளும் நேருக்கு நேர் வந்து உருகி ஒன்றாகின்றன. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்த வேலைக்கு நாங்கள் நாள்கணக்கில் காத்திருக்கிறோம். ஏனென்றால் சுற்றுவட்டார ஊர்கள் அனைத்துக்கும் அந்த இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது. நிறுவனத்தைக் கேட்டால் கேபிள்காரரைக் கை காட்டுகிறார்கள். அவரோ நிறுவனத்தைக் கை காட்டுகிறார். இதற்கிடையில், யாருமே வராத நிலையில், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. இது வெறும் தாமதமல்ல, வாடிக்கையாளரிடம் சொல்லப்படும் பொய் என்றே கருதுகிறேன்.

என் தம்பி மகள் பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரி விருப்பங்களைப் பதிவு செய்ய வேண்டிய நாட்களில் இணைப்பு அறுந்து கிடந்தது. வீட்டுக்குள் செல்பேசி டவரும் சரியாகக் கிடைக்காததால், மன்னார்குடிக்குப் பேருந்தில் போய் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து முடித்தாள். அந்த நாட்களுக்கான கட்டணத்தைத் திருப்பித் தரவுமில்லை, திட்டத்தின் காலத்தை நீட்டிக்கவுமில்லை. பழுது 3 வேலை நாட்களுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2006ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியவில்லை.

ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் ஒன்றிய அரசின் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. இரண்டே ஆண்டுகளில் முடிப்பதாகச் சொல்லப்பட்ட பணி பலமுறை காலக்கெடு தாண்டியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வருவது வேறு, வீடுகளுக்கு வந்து அறுந்தால் உடனே ஒட்டப்படுவது வேறு. இரண்டாவதற்கு ஆளும் இயந்திரமும் ஒதுக்காதவரை எங்கள் தெருவில் எதுவும் மாறாது.

இணைப்பு எடுக்க நினைப்பவர்கள் வேகத்தை விசாரிப்பதற்கு முன், ஒட்டும் இயந்திரம் எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கேபிள்காரரின் அறையில் பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போது உங்கள் வீட்டு இன்வெர்ட்டரால் பயனில்லை. பொருத்தும் அன்றே மோடத்துக்கு வரும் ஒளியின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது -27 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) பக்கம் இருந்தால் ஒளி மிகப் பலவீனமாக வருகிறது என்று பொருள், மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதி வைத்து, தீராமலே முடித்துவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள்.

வேகத்துக்கு ஐந்துக்கு நான்கு, பழுதுபார்ப்புக்கு ஒன்று தருகிறேன். தள்ளுபடிக்காக ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம். நாங்கள் இப்போது மாதாமாதம்தான் ரீசார்ஜ் செய்கிறோம்.