வெங்காயம் உரித்த ஐந்து ஆண்டுகள்: டோர் உலாவி, சிக்னல் பயன்பாட்டு அனுபவம்

2020 டிசம்பரில் அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. பரிசோதனைக் கூடத்தின் இணையப் படிவத்தில் என் கைப்பேசி எண்ணைக் கொடுத்தேன். முடிவு கைக்கு வருவதற்கு முன்பே, சர்க்கரைக்குச் சூரணம் விற்கும் ஒருவர் அழைத்து, அப்பாவின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார். அப்பாவுக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. “அக்கறையாகத்தானே கேட்கிறார்” என்றார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

அடுத்த மாதமே வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவிக்க, ஊரே சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலிக்குக் குடிபெயர்ந்தது. 2021 ஜனவரி 15 அன்று கூட்டம் தாங்காமல் சிக்னலே படுத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அதே வாரத்தில், யாரென்று காட்டிக்கொள்ளாமல் இணையத்தில் உலவ உதவும் டோர் உலாவியையும் கணினியில் நிறுவினேன். இரண்டும் இன்றுவரை என்னோடு இருக்கின்றன. நான் கணினித் துறை ஆள் இல்லை. புத்தகங்களுக்குப் பிழை திருத்துவதும் பக்கம் அமைப்பதும் என் பிழைப்பு.

டோரின் யோசனை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நாம் அனுப்பும் தகவலை மூன்று உறைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான கணினிகளில் மூன்றின் வழியாக அனுப்புகிறது. ஒவ்வொரு கணினியும் ஓர் உறையை மட்டும் உரிக்கும். அதனால்தான் பெயரிலேயே வெங்காயம்: டோர் என்பது ‘தி ஆனியன் ரவுட்டர்’ என்பதன் சுருக்கம். முதல் கணினிக்கு நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரியும், எங்கே போகிறேன் என்று தெரியாது; மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், வந்தவர் யாரென்று தெரியாது; நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. பெண் வீட்டாரைத் தெரிந்த தரகருக்கு மாப்பிள்ளை வீட்டாரைத் தெரியாமல் ஒரு சம்பந்தத்தைப் பேசி முடிப்பதுபோல.

முதல் மாதம் முழுக்க நான் செய்தது அபத்தம். டோரைத் திறந்து, என் சொந்தப் பெயரில் உள்ள மின்னஞ்சலுக்குள் நுழைந்தேன். முகமூடி போட்டுக்கொண்டு போய் வாசலில் விசிட்டிங் கார்டு நீட்டிய கதைதான். எங்கோ ஐரோப்பாவிலிருந்து யாரோ என் கணக்கில் நுழைவதாக எச்சரிக்கை வந்தது. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் தளம் ஒரு படி மேலே போய் என்னையே பூட்டிவிட்டது. கிளைக்கு நேரில் போய், படிவம் எழுதிக் கொடுத்து, மறுநாள்தான் திறந்தார்கள். அன்று முதல் வங்கி, வரி, ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் சாதாரண ஃபயர்ஃபாக்ஸ், அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். யாரென்று தெரிந்தே ஆக வேண்டிய இடத்தில் ஒளிந்துகொண்டு பயனில்லை.

வேகம் குறைவு என்பது எல்லோரும் சொல்லும் குறை. உண்மைதான், ஆனால் பழகிவிடும். பழகாதது கேப்ச்சா. டோரிலிருந்து வருகிறவனை எந்தத் தளமும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறது. ஒன்பது படங்களைக் காட்டி, தீயணைப்புக் குழாய் உள்ளவற்றைத் தொடு என்கிறது. தெருமுனையில் குட்டையாகச் சிவப்புக் குழாய் நிற்கும் ஊரில் நான் வாழ்ந்ததே இல்லை. மூன்று முறை தவறாகத் தொட்டு, நான் மனிதன்தானா என்ற ஐயம் எனக்கே வந்துவிட்ட நாட்கள் உண்டு.

உலாவியைத் திரை முழுக்க விரித்தால் நான்கு புறமும் சாம்பல் நிற விளிம்பு விடும். என் மேசைக்கு வந்த அச்சகப் பையன் அதைப் பார்த்துவிட்டு, “சார், மானிட்டர் போய்விட்டது போலிருக்கிறதே” என்று கவலைப்பட்டான். மானிட்டருக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொருவருடைய திரையும் ஒவ்வோர் அளவு. அந்த அளவே நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், பலருக்கும் பொதுவான சில அளவுகளுக்குள் பக்கத்தைச் சுருக்கிக் காட்டுகிறது டோர். நேரத்தையும் அப்படித்தான்: நான் எந்த ஊரில் இருந்தாலும் கிரீன்விச் நேரத்தையே சொல்கிறது. நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்கு நான் படிக்கும் பக்கம் மாலை ஏழு மணி என்று சத்தியம் செய்யும்.

இந்த விஷயத்தில் தமிழ் வாசகர்களுக்கென்று தனியாக ஒரு சங்கதி இருக்கிறது. உலாவியின் ‘கைரேகை’யைச் சோதித்துக் காட்டும் ‘கவர் யுவர் டிராக்ஸ்’ என்ற தளத்தை அமெரிக்காவின் மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை நடத்துகிறது. குக்கீ (தளங்கள் நம் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு அடையாளக் குறிப்பு) எதுவும் இல்லாமலேயே திரை அளவு, நேர மண்டலம், மொழி விருப்பம், எழுத்துருக்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து ஒருவரை அடையாளம் காண முடியும் என்பதை அது காட்டுகிறது. என் சாதாரண உலாவியில் முதல் மொழி தமிழ் என்று வைத்திருந்தேன். சோதித்தபோது, அண்மையில் சோதிக்கப்பட்ட உலாவிகளில் என்னுடையதைப் போல வேறொன்று இல்லை என்று முடிவு வந்தது. மொழிப்பற்றுக்குக் கிடைத்த பரிசு! போதாக்குறைக்குப் பாமினி, டாம், டாப் என்று பழைய எழுத்துருக்கள் நாற்பதுக்கு மேல் என் கணினியில் குடியிருக்கின்றன. பழைய கோப்புகளைத் திறக்க அவை இல்லாமல் முடியாது. ஒரு தளம் குறிப்பிட்ட எழுத்துருவின் பெயரைச் சொல்லி ஒரு சொல்லை வரையச் செய்து, அதன் அகலம் மாறுகிறதா என்று அளந்தாலே அந்த எழுத்துரு என்னிடம் இருப்பது தெரிந்துவிடும். பாமினி வைத்திருப்பவர் யாராக இருப்பார்? தமிழ் தட்டச்சு செய்கிறவர், சற்றே வயதானவர். டோரில் இந்தத் தொல்லை இல்லை. அதில் என் எழுத்துருக்கள் கணக்கிலேயே வராது; மொழி கேட்டால் ஆங்கிலம் என்று பதில் போகும். தமிழ்ப் பக்கங்கள் தமிழிலேயே வருகின்றன, ஆள் தமிழன் என்பது மட்டும் போவதில்லை.

ஆனால் டோரைப் பயன்படுத்துகிறேன் என்பதையே டோர் மறைக்காது. 2013 டிசம்பரில் ஹார்வர்டில் தேர்வைத் தள்ளிப்போட நினைத்த மாணவர் ஒருவர் டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையிலிருந்து டோருக்குப் போனவர்கள் யார் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். விசாரித்ததும் ஒப்புக்கொண்டார். எங்கள் தெருவுக்கு இணைய இணைப்பு தருபவர் கேபிள் டிவிக்காரர். அவருடைய பட்டியலில் டோர் பயன்படுத்தும் வீடு அநேகமாக என் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். இந்தியாவில் டோர் பயன்படுத்துவது குற்றமில்லை என்றாலும், கூட்டமில்லாத இடத்தில் ஒளிய முடியாது என்பதை அந்த மாணவரின் கதைதான் எனக்கு உறைக்கச் செய்தது.

நம் இணையப் போக்குவரத்தை ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் வி.பி.என். சேவை பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் பணம் கட்டினேன். கேபிள்காரருக்குத் தெரிந்தது வி.பி.என். நிறுவனத்துக்குத் தெரியும் என்பதைத் தவிர பெரிய மாற்றமில்லை. 2022 ஏப்ரலில், வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு உத்தரவிட, பெரிய நிறுவனங்கள் பல இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. அடுத்த ஆண்டு சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை.

சிக்னலுக்கு வருகிறேன். 2021 ஜனவரியில் எங்கள் குடும்பக் குழுவில் இருபத்து மூன்று பேர், மார்ச்சில் ஒன்பது, இன்று நான்கு. மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகையும் காலை வணக்கமும் வரும் இடத்துக்கே திரும்பிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. செயலி அருமையானது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணையோடு அதிகாரிகள் விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், இந்த இரண்டைத் தவிர கொடுக்கச் சிக்னலிடம் எதுவும் இல்லை. சேர்த்து வைக்காததை யாராலும் பிடுங்க முடியாது அல்லவா? ஆனால் பதிவு செய்யக் கைப்பேசி எண் வேண்டும். நம் நாட்டில் சிம் கார்டு வாங்க அடையாள அட்டை வேண்டும். 2024இல் பயனர்பெயர் வந்த பிறகு, புதியவர்களிடம் எண்ணைக் கொடுக்காமல் பேச முடிகிறது. ஐந்து ஆண்டில் அதில் வந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

மறையும் செய்தி வசதியில் மட்டும் கவனம் தேவை. ஒரு வாரத்தில் எல்லாம் அழியட்டும் என்று பெருமையாக வைத்திருந்தேன். பெரியம்மா தன் கைப்பட எழுதிப் படம் எடுத்து அனுப்பிய சாம்பார்பொடி அளவும் அதோடு போயிற்று. மறுபடி கேட்டதற்கு, “பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு எதற்கு?” என்று கேட்டுவிட்டார். இப்போது குடும்பக் குழுவில் எதுவும் மறைவதில்லை.

இவ்வளவு பாடும் கணினிக்குள்ளேதான். வெளியே வந்தால் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு பிரதி எடுக்கப் போனேன். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றார்கள். கடைக் கணினியின் பதிவிறக்கக் கோப்புறை திறந்தபடியே இருந்தது: ஆதார், பான், சாதிச் சான்றிதழ், யாரோ ஒரு பெண்ணின் ஸ்கேன் அறிக்கை, எல்லாம் வரிசையாக, படங்களாக. கடைக்காரர் தீங்கு நினைப்பவர் இல்லை. அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். ஆதாரின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்துத் தரும் பிரதியை ஆதார் ஆணையமே தருகிறது. நான் அதைத்தான் கொண்டு போகிறேன். கும்பகோணத்தில் ஒரு விடுதியில் அதை நீட்டியபோது, “நம்பர் அழிந்த கார்டு செல்லாது சார்” என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், பிரதிகளைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைத்த பிரதியைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. இரண்டு நாளில் மத்திய அரசே அந்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24 அன்று. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள அந்தச் சட்டத்திலேயே வழியும் இருக்கிறது.

நான் என்ன செய்தாலும் என் எண்ணை வைத்திருப்பவர்கள் வேறு ஒன்று செய்துவிடுகிறார்கள். அழைப்பவர் பெயர் காட்டும் செயலியில் என் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ‘புரூஃப் சார் 2’ என்று வந்தது. அந்தச் செயலியை நான் நிறுவியதே இல்லை. யாரோ தன் தொடர்புப் பட்டியலைக் கொடுக்க, நானும் அதோடு போயிருக்கிறேன். முதலாவது புரூஃப் சார் யார் என்பதுதான் அன்று எனக்கு இருந்த பெரிய வருத்தம்.

கடைசியாக, நான் மாட்டிக்கொண்ட கதை. 2022இல் எங்கள் ஊர்ப் பாதாளச் சாக்கடைப் பணியின் அலங்கோலத்தைப் பற்றி எழுத, டோர் வழியாக வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். கைப்பேசி எண் இல்லை, சொந்த மின்னஞ்சல் இல்லை, படம் இல்லை. எழுதும் நேரத்தைக்கூட மாற்றி மாற்றி வைத்தேன். நான்காவது கட்டுரை வந்த மறுநாள், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த, இப்போது ஓய்வில் இருக்கும் பெரியவர் அழைத்தார்.

“தம்பி, சாக்கடைக் கட்டுரை நீ எழுதியதுதானே?”

“எந்தக் கட்டுரை, ஐயா?”

“நடிக்காதே. இந்த ஊரில் அரைப்புள்ளி போட்டு எழுதுகிறவன் வேறு யார் இருக்கிறான்? நான்தானே உனக்குக் கற்றுக்கொடுத்தேன்.”

மூன்று நாட்டுக் கணினிகள் காப்பாற்றிய ரகசியத்தை ஒரு நிறுத்தற்குறி விற்றுவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அந்தக் கணக்கில் அரைப்புள்ளியை அடியோடு விட்டுவிட்டேன், வாக்கியங்களை வெட்டி வெட்டி எழுதினேன், எங்கள் பக்கத்துச் சொற்களையெல்லாம் களைந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பெரியவர் மறுபடி அழைத்தார். முற்றுப்புள்ளி கொஞ்சம் கூடிப்போய்விட்டது, பார்த்துக்கொள் என்றார்.