எக்செலா, பைதானா, தயார் மாடலா?

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்பு முடிந்து வந்தவள், "மாமா, ஒரு காலநிலை மாடலை நானே எழுத முடியுமா?" என்று கேட்டாள். 2022 ஏப்ரல் வெள்ளத்தை நேரில் பார்த்த டர்பன் பிள்ளை, கேட்கத்தானே செய்வாள். எழுத முடியும். எதில் எழுதுவது என்பதில்தான் குழப்பம். எக்செல், பைதான், பிறர் எழுதி வைத்த தயார் நிரல் என மூன்றையும் அவளோடு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன்.

அடிப்படைக் கணக்கு சின்னது. சதுர மீட்டருக்கு 1361 வாட் வெயில் வருகிறது. பூமி உருண்டையாக இருப்பதால் சராசரிக்கு அதில் நாலில் ஒரு பங்குதான். அதிலும் 30 சதவீதம் பட்டுத் திரும்பிவிடுகிறது. மிச்சம் 238 வாட். அதே அளவைப் பூமி வெளியே விட வேண்டும் என்று ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதியில் (வெளிவிடும் வெப்பம் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும் என்ற விதி) போட்டால் 255 கெல்வின், அதாவது மைனஸ் 18 டிகிரி வரும். நிஜச் சராசரியோ சுமார் 15 டிகிரி. நடுவில் உள்ள 33 டிகிரி, காற்றுமண்டலம் போர்த்திய போர்வையின் கணக்கு. வெளியே போகும் வெப்பத்தை 0.61 ஆல் பெருக்கினால் 288 கெல்வின் கிடைத்துவிடும்.

இதுவரைக்கும் எக்செல்தான் என் கட்சி. ஒவ்வொரு எண்ணும் கண்ணெதிரே நிற்கிறது. கெல்வினுக்குப் பதில் செல்சியஸைப் போட்டால் அடுத்த கட்டத்திலேயே அசட்டு விடை வந்து காட்டிக்கொடுக்கும். அதைவிட, காலத்தைச் சேர்க்கும்போது அது கற்றுத்தருவது அதிகம். 70 மீட்டர் ஆழக் கடல்நீரை வெப்பத் தொட்டியாக வைத்து, ஒரு வரிக்கு ஓர் ஆண்டு என்று இறக்கினோம். 273 கெல்வினில் தொடங்கிய எண் சமர்த்தாக 288க்கு வந்து நின்றது. "வரிக்குப் பத்து ஆண்டு வைத்தால் சீக்கிரம் முடியுமே" என்றாள். வைத்தோம். 322, 177, 396, நாலாவது வரியில் கெல்வினில் மைனஸ்! பூமி பைத்தியமானதா, நம் கணக்கா என்று அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள்: காலடியை அகலமாக வைத்துவிட்டோம்.

கரியமில வாயு இரட்டிப்பானால் சுமார் 3.7 வாட் கூடும். இந்தத் தாள் அதற்கு 1.1 டிகிரிதான் சொல்லும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை தரும் மதிப்பீடு 3 டிகிரி. நீராவி, மேகம், பனி ஆகியவை திரும்ப வந்து தள்ளும் தள்ளல் நம் தாளில் இல்லை.

அந்தப் பனியைச் சேர்க்கப் போனால்தான் எக்செல் முரண்டு பிடிக்கிறது. வெப்பம் குறைந்தால் பனி கூடும், பனி கூடினால் வெயில் பட்டுத் திரும்புவது கூடி வெப்பம் இன்னும் குறையும். ஒரே கட்டத்தில் இதை எழுதினால் 'சுற்றிச் சுற்றி வருகிறாய்' என்று எச்சரிக்கை போடும். போன ஆண்டின் வெப்பத்தைப் பார்த்து இந்த ஆண்டின் பனி என்று எழுதினால் தப்பிக்கலாம். ஆனால் 1969இல் புடிகோ, செல்லர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியே செய்தது போல, பூமியை அட்சரேகைப் பட்டைகளாக வெட்டி, பக்கத்துப் பட்டைக்கு வெப்பம் நகர்வதையும் சேர்த்தால் 18 பத்தி, நூற்றுக்கணக்கான வரி. ஒரு சூத்திரம் எங்கோ பிசகினால் தேடித் தேடிக் கண் போய்விடும்.

அப்புறம் பைதான்தான். இரண்டு சுழல் (லூப்), நாற்பது வரிக்குள் முடிந்தது. வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து உருண்டை முழுக்க உறைவதைப் பார்த்தோம். பழைய வெயிலைத் திரும்பக் கொடுத்தும் அது உருகவில்லை. அதைப் பார்த்த பின் அவள் எக்செல் பக்கம் திரும்பவில்லை.

எக்செலிலிருந்து வருகிறவர்கள் விழும் குழி ஒன்று: அங்கே நான்காம் படிக்கு ^ போதும், பைதானில் இரண்டு நட்சத்திரக் குறி (**) வேண்டும். பழக்கத்தில் 288^4 என்று தட்டினால் 292 என்று விடை வரும். நம்பத் தகுந்த வெப்பநிலை மாதிரியே இருக்கும், பாவி! செலவைக் கேட்டால், பைதானை இணையத்திலேயே ஓட்டும் கூகுள் கோலாபில் போன் போதும், ஆனால் டேட்டா தீரும். லோட்ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) காலம் நினைவிருப்பவர்கள் பைதானை மடிக்கணினியிலேயே ஏற்றிவிடுங்கள்.

தயார் ரகத்தில், இணையத்தில் ஓடும் என்-ரோட்ஸ் என்ற காலநிலை மாடல் அழகானது. ஆனால் அதில் நெம்புகோலை இழுக்கலாம், எழுத ஒன்றுமில்லை. பைதானுக்கான காலநிலை நிரல் தொகுப்பான கிளைம்லேப் வேறு சங்கதி. 1967இல் மனாபே, வெதரால்ட் என்ற விஞ்ஞானிகள் போட்ட, மனாபேக்கு 2021இல் நோபல் கிடைக்கக் காரணமான வகைக் கணக்கை அதில் சில வரிகளில் ஓட்டலாம். சொந்தப் பட்டை மாடல் ஒன்றை உடைத்துப் பார்த்தவருக்கு அது பொக்கிஷம். முதல் நாளே எடுத்தால் வெறும் பொத்தான்.

"இது உம்கேனி ஆற்று வெள்ளத்தைச் சொல்லுமா, மாமா?" என்று கேட்டாள். சொல்லாது. அதற்கெல்லாம் கேப் டவுனில் உள்ள லெங்காவ் மாதிரி சூப்பர் கணினி வேண்டும். நம் மாடலுக்கு டர்பனும் ஒன்றுதான், நாட்டின் எதிர்க்கரையான மேற்குக் கடற்கரையில் கிட்டத்தட்ட அதே அட்சரேகையில் கிடக்கும் போர்ட் நொலொத்தும் ஒன்றுதான். இங்கே அகுல்ஹாஸ் நீரோட்டம் கொண்டுவரும் வெதுவெதுப்பு, கரும்பு, மழை. அங்கே பெங்குவேலா நீரோட்டத்தின் குளிர், மூடுபனி, பாலை. பட்டைக்கு இதெல்லாம் தெரியாது.

போன வாரம் பார்த்தால், ஒரு பட்டையைக் கிழக்கு மேற்காக இரண்டாக வெட்டி, கிழக்குத் துண்டில் வெப்பம் சேர்க்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாள். அந்த மாறிக்கு 'அகுல்ஹாஸ்' என்று பெயரும் வைத்தாயிற்று.