குழாயை நீங்கள் வாங்குவதா, பிளம்பரிடமே விடுவதா?

பாத்ரூம் வேலை பேசும்போது முதல் இழுபறி இங்கேதான் தொடங்கும். "சாமான் எல்லாம் நாங்களே வாங்கிக்கிறோம், நீங்க மாட்டிக் குடுத்தா போதும்" என்பார் வீட்டுக்காரர். "சாமானோட சேர்த்துக் குடுத்தாத்தான் நமக்குச் சரிப்படும்" என்பார் பிளம்பர். இரண்டு பேர் மனதிலும் ஓடுவது பணக் கணக்கு. ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் வேறு இரண்டு கேள்விகளில்: சாமான் எந்த நாளில் கைக்கு வந்தது? ஒழுகினால் யார் வந்து கழற்றுவது?

பணம்

பிளம்பர் வாங்கினால் கடை விலைக்கு மேல் அவருக்கு ஒரு லாபம் இருக்கும். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கடைக்குப் போவது, சுமந்து வருவது, தவறான பீஸைத் திருப்பிக் கொடுப்பது, வாஷர் சரியில்லை என்றால் இன்னொரு நடை வருவது எல்லாம் அந்த லாபத்துக்குள் அடக்கம். நீங்கள் வாங்கினால் இந்த வேலைகள் உங்கள் தலையில் விழும். அவரும் கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். ஆகவே குழாய் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். பொருள், சில்லறைச் சாமான், கூலி மூன்றையும் கூட்டி இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். கமோட், வாஷ்பேசின், ஷவர், மிக்ஸர் (வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) போன்ற விலை கூடிய பொருள்களில் நேரடியாக வாங்கினால் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். ஆங்கிள் வால்விலும் (சுவரிலிருந்து வரும் தண்ணீரை மூடித் திறக்கும் சின்ன வால்வு) வேஸ்ட் கப்ளிங்கிலும் (பேசினின் அடித்துளையில் மாட்டும் வடிகால் துண்டு) மிச்சம் பிடிக்கப் போவது வீண் அலைச்சல்.

அளவு

உண்மையான வித்தியாசம் இங்கேதான். பிளம்பரே வாங்கினால், தான் போட்ட பைப்புக்குப் பொருந்தும் மாடலை எடுத்துவருவார். பொருந்தாவிட்டால் அது அவர் பாடு. நீங்கள் வாங்கினால், பைப் போடும் நாளுக்கு முன்பே மாடல் முடிவாகி, அளவுத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.

எஸ் டிராப் கமோடை எடுத்துக்கொள்வோம். கழிவு நேராகத் தரைக்குள் இறங்கும் வகை இது. சுவரிலிருந்து கழிவுக் குழாயின் மையம் வரை உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும். 100, 225, 300 மில்லிமீட்டர் அடிக்கடி பார்க்கக்கூடியவை. இந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து எடுக்க வேண்டியது. பூசாத செங்கல்லிலிருந்து 300 அளந்து பைப்பை இறக்கினால், 15 மி.மீ. பூச்சு, 5 மி.மீ. பசை, 10 மி.மீ. டைல் மூன்றும் சேர்ந்து 30 மில்லிமீட்டரை விழுங்கிவிடும். மிச்சம் 270. தொட்டி சுவரில் இடிக்கும், கமோட் இடத்தில் உட்காராது. மாறாக 300-க்குப் போட்ட பைப்புக்கு 225 கமோட் வந்தால் பின்னால் 75 மி.மீ. சந்து விழும். வளைந்த கனெக்டர் போட்டு ஒப்பேற்றலாம்தான். ஆனால் அந்த வளைவே பிறகு அடைப்புக்கு இடம் கொடுக்கும்.

பி டிராப் என்றால் சுவருக்குள் போகும் வாயின் உயரம் முக்கியம். முடிந்த தரையிலிருந்து மையம் வரை 180 மி.மீ. என்பது பரவலான அளவு. தரை மட்டம் பின்னால் உயர்ந்தால் இதுவும் மாறிவிடும். சுவரில் தொங்கும் கமோடில் போல்ட் இடைவெளி 180 அல்லது 230 மி.மீ.; சுவருக்குள் நிற்கும் இரும்புச் சட்டத்தில் அந்த இடைவெளி உண்டா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

சுவருக்குள் புதையும் டைவர்ட்டர்தான் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு) அதிகம் சண்டை மூட்டுவது. அதன் பாடியில், அல்லது மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவரில், குறைந்த ஆழம், கூடிய ஆழம் என்று இரண்டு குறி இருக்கும். டைல் ஒட்டி முடித்த முகப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். அதிகம் உள்ளே போனால் கைப்பிடி எட்டாது, நீட்டிப்புத் துண்டு தேட வேண்டும். வெளியே துருத்தினால் முகப்புத் தகடு சுவரோடு ஒட்டாது. பாடியும் வெளித்தகடும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையாக இருந்தால்தான் சேரும். "பாடியை இப்போ பிளம்பர் போடட்டும், மேல் பாகத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால், டைல்ஸை உடைக்க நாள் குறித்துவிட்டதாகவே அர்த்தம்.

சுவருக்கு வெளியே நிற்கும் வால் மிக்ஸரில் இவ்வளவு சிக்கல் இல்லை. வெந்நீர், தண்ணீர் வாய்களுக்கு இடையே 150 மி.மீ.; கொஞ்சம் தப்பினால் கோணல் கால் (மையம் விலகிய இணைப்புத் துண்டு) சரிசெய்யும்.

வாஷ்பேசினில் சின்ன விஷயம் ஒன்று பலரை ஏமாற்றும். மேலே வழிந்தோடும் துளை உள்ள பேசினுக்கு, பக்கத்தில் துளையிட்ட வேஸ்ட் கப்ளிங் வேண்டும். துளை இல்லாத பேசினுக்குத் துளையில்லாதது. மாற்றிப் போட்டால், முதல் வகையில் வழியும் தண்ணீர் வெளியேற வழி இருக்காது. இரண்டாவதில் அடியில் கசியும்.

வெளிநாட்டிலிருந்தோ ஆன்லைனிலோ வரவழைப்பவர்கள் மரையையும் கவனிக்க வேண்டும். அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் மரை), என்பிடி (அமெரிக்க மரை) இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. நாலு சுற்று ஏறும், பிறகு இறுகும். டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றி இறுக்கினால் அன்றைக்கு நிற்கும், பிறகு கசியும்.

தண்ணீர் அழுத்தம்

ஷோரூமில் பெரிய மழை ஷவர் கொட்டுவதைப் பார்த்து மயங்கக் கூடாது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான், அதிலும் பைப் வளைவுகளில் கொஞ்சம் போய்விடும். பெட்டியில் குறைந்தபட்சம் 1 பார் என்று அச்சடித்த பொருளை அங்கே மாட்டினால் சொட்டும். வாங்கும் முன் பிளம்பரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் உண்டு என்றால், இந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் வரும் என்று கேளுங்கள்.

சில்லறைச் சாமான்

நீங்கள் வாங்கும் பெட்டிக்குள் எல்லாம் இருக்காது. ஒரு பேசினுக்கு மிக்ஸர் போட இரண்டு ஆங்கிள் வால்வு, இரண்டு கனெக்ஷன் ஹோஸ், ஒரு வேஸ்ட் கப்ளிங், ஒரு பாட்டில் டிராப் (பேசினுக்கு அடியில் தண்ணீர் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் துண்டு), ஒரு ஜோடி போல்ட் வேண்டும். கமோடுக்கு தொட்டிக்கு ஒன்றும் ஹெல்த் ஃபாசெட்டுக்கு ஒன்றுமாக வால்வு, ஹோஸ், ரப்பர் கனெக்டர், தரை ஸ்க்ரூ. இதில் ஒன்று குறைந்தாலும் ஆள் கைகட்டி நிற்பார், கூலி ஓடும். இவற்றைப் பிளம்பரே கொண்டுவரட்டும். பித்தளை வால்வுதான் வேண்டும் என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

உடைசலும் ஒழுகலும்

பொருள் உங்களுடையது என்றால், பெட்டியைப் பிரிக்கும்போது இருவரும் கூட இருக்க வேண்டும். கமோடையும் பேசினையும் ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தையாகச் சத்தம் வந்தால் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது. சமதரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். மாட்டும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் அன்றைக்கே பேச வேண்டியது.

ஒழுகினால்? பிளம்பர் வாங்கித் தந்தது என்றால் ஒரே போன் போதும், பொருளும் வேலையும் அவர் கணக்கு. நீங்கள் வாங்கியது என்றால் அவர் குழாயைக் குற்றம் சொல்வார், கம்பெனி ஆள் மாட்டிய கையைக் குற்றம் சொல்வார். கம்பெனி வாரண்டி பொதுவாகப் பீஸை மாற்றித் தருவதோடு சரி. கழற்றி மாட்டும் கூலியும், நனைந்துபோன சீலிங்கும் அதில் வராது.

பாதிப் பாதி

எங்கள் தீர்ப்பு இப்படி: சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போகிற பைப், எல்போ, வால்வு, டிராப் எல்லாம் பிளம்பர் வாங்கட்டும். சில்லறைச் சாமான் போக, கண்ணுக்குத் தெரிந்து நிற்பதை நீங்கள் வாங்குங்கள். டைவர்ட்டரும் கமோடின் மறைதொட்டியும் மட்டும் விதிவிலக்கு. அவை சுவருக்குள் போனாலும் வெளித்தகட்டோடு சேர்த்து நீங்களே எடுத்து, சுவரை வெட்டும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். ஒற்றைக் குழாய் மாற்றுகிற சின்ன வேலைக்கு இந்தப் பிரிவினையே வேண்டாம், முழுக்க அவரிடமே விடலாம். வேலை நடக்கும் இடத்தில் நீங்கள் இருக்க முடியாது என்றாலும் அப்படித்தான்.

நீங்கள் தந்த பொருளை மாட்ட மறுக்கும் பிளம்பரிடம் காரணம் கேளுங்கள். "ஸ்பேர் கிடைக்காது" என்றால் அது நல்ல காரணம். காட்ரிஜ் (குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பாகம்) தனியாக விற்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கூலி பேசும்போது ஒரு வரியைச் சேர்த்து எழுதிவிடுங்கள்: மிக்ஸரை மாட்டும் முன் ஒவ்வொரு லைனையும் திறந்துவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட வேண்டும். பைப்பில் தங்கிய மணலும் பிளாஸ்டிக் சீவலும் காட்ரிஜின் செராமிக் தட்டில் கீறல் போட்டால், குழாய் மூடிய பிறகும் சொட்டும். உள்ளே தூசி போனது என்று கம்பெனியும் கைவிரித்துவிடும். கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன் பேசின் குழாய் நுனியில் இருக்கும் வலையைக் கழற்றி உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். மணல் விழுந்தால், அவர் லைனைச் சரியாகக் கழுவவில்லை.