சூத்திரமா, வார்டு பதிவேடா?

பி.எஸ்சி. நர்சிங் மாணவியருக்குப் புள்ளியியலைச் சூத்திரத்திலிருந்து தொடங்கலாம்: திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பது), டி-சோதனை (இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்ப்பது), கையால் கணக்கு. ஆய்வுக் கட்டுரை வாசிக்க உதவும்; தேர்வு முடிந்ததும் பலருக்கு மறந்தும் போகும்.

வார்டில் அன்றாடம் குறித்துவைக்கும் பதிவேட்டிலிருந்தும் தொடங்கலாம். கிரிமியப் போர் மரணங்களை 1858இல் வரைபடமாக்கிய, நவீன நர்சிங்கின் முன்னோடி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் சென்ற வழி அது. ஒரு வார்டில் சிறுநீரை வெளியேற்றப் பொருத்தும் குழாயால் (கத்தீட்டர்) வந்த தொற்று 3, இன்னொன்றில் 4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மோசமா? குழாய் பொருத்தியிருந்த நாள்கள் முதலாவதில் 300, இரண்டாவதில் 800. ஆயிரம் நாள்களுக்கு 10, 5. தலைகீழ்! வகுத்தல் எல்லோருக்கும் தெரியும். எதனால் வகுப்பது என்பதில்தான் சூட்சுமம்.

என் ஓட்டு பதிவேட்டுக்கே. ஆனால் 3, 4 என்ற சிறு எண்களில் தற்செயலும் புகுந்து விளையாடும். அதை அளக்கச் சூத்திரத்திடம்தான் திரும்பி வர வேண்டும்.